வீட்டு ஒலிப்பதிவுக்கூடம்: குறைந்த செலவில் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாடுபவர்கள், கதை வாசித்துப் பதிவிட நினைப்பவர்கள், சொந்தமாக மெட்டமைப்பவர்கள் எனப் பலரும் வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கென ஒதுக்கும்போது என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்து வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

1. குறைந்தபட்சம் என்னென்ன வாங்கினால் வேலை தொடங்கலாம்?

ஓரளவு வேகமான கணினி, ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன், உறுதியான மைக் ஸ்டாண்டு, மைக்கை இன்டர்ஃபேஸில் செருகும் எக்ஸ்எல்ஆர் கேபிள், வாயிலிருந்து வரும் காற்றுவீச்சு மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர், பதிவு மென்பொருள் ஆகியவை போதும். மானிட்டர் ஸ்பீக்கர், கணினிக்கு இசைக்குறிப்புகளை அனுப்பும் மிடி கீபோர்டு, மைக்கின் மின்சைகையைப் பெருக்கும் தனி ப்ரீஆம்ப், பதிவு மென்பொருளோடு விலை கொடுத்துச் சேர்க்கும் ப்ளக்இன் ஆகியவற்றை முதல் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பதிவின் தரத்தைத் தீர்மானிப்பவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், பாடுபவரையும் வாசிப்பவரையும் முதலில் வைப்பேன். அடுத்து அறை, அதற்கடுத்து மைக்கை வைக்கும் இடம், பிறகு மைக், கடைசியாக இன்டர்ஃபேஸ். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பணத்தைச் செலவிடுகிறார்கள். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரே தவறைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

2. கையில் போன் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்தே தொடங்கக் கூடாதா?

தாராளமாகத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஒரு வாரம் போனிலேயே பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். மின்விசிறி எவ்வளவு கேட்கிறது, சுவரிலிருந்து ஒலி எப்படித் திரும்புகிறது, எந்த நேரத்தில் தெரு அடங்குகிறது என்பவையெல்லாம் செலவில்லாமல் தெரிந்துவிடும். பிறகு வாங்கும் எந்தக் கருவிக்கும் இந்த அறிவு தேவைப்படும்.

போனில் ஒரு குறை உண்டு. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அது தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். பின்னணி இரைச்சலையும் நீக்கப் பார்க்கும். இதனால் மெல்லப் பாடும் இடமும் உரக்கப் பாடும் இடமும் ஒரே அளவாகிவிடும். இந்தத் தானியங்கி மாற்றங்களை அணைக்க அனுமதிக்கும் பதிவுச் செயலி கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

3. யுஎஸ்பி மைக் வாங்கினால் இன்டர்ஃபேஸ் செலவு மிச்சமாகுமே, அது போதாதா?

நீங்கள் தனியாகப் பேசுபவராகவோ கதை வாசிப்பவராகவோ இருந்து, இரண்டாவது மைக் எப்போதும் தேவைப்படாது என்றால் போதும். ஹெட்ஃபோன் துளை உள்ள யுஎஸ்பி மைக்காகப் பார்த்து வாங்குங்கள். அதன் காரணம் 12-ஆம் பதிலில் வருகிறது.

இசை பதிவதாக இருந்தால் அது முட்டுச்சந்தாகிவிடும். யுஎஸ்பி மைக்கில் மைக், ப்ரீஆம்ப், அனலாக் ஒலியை எண்களாக்கும் சுற்று ஆகிய மூன்றும் ஒரே உடலுக்குள் இருப்பதால், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. விண்டோஸ் கணினியில் பதிவு மென்பொருள்கள் வழக்கமாக ஏஎஸ்ஐஓ என்ற தாமதம் குறைந்த டிரைவர் முறையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியுடன் மட்டுமே இயங்கும் என்பதால், இரண்டு யுஎஸ்பி மைக்குகளைச் சேர்த்துப் பதிவதும் எளிதன்று. எக்ஸ்எல்ஆர் மைக்கோ பல ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த இன்டர்ஃபேஸிலும் பொருந்தும்.

4. இன்டர்ஃபேஸில் எத்தனை இன்புட் வேண்டும்? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சைகையைப் பெருக்கி, அதை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவதும், கணினியிலிருந்து வருவதை ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் தருவதும்தான் இன்டர்ஃபேஸின் வேலை. தனியாகப் பாடி, கிட்டாரையும் வாசிப்பவருக்கு இரண்டு இன்புட் சரியான அளவு. எடுத்துக்காட்டாக, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் சோலோவில் மைக்குக்கான ப்ரீஆம்ப் ஒன்றுதான், 2ஐ2-வில் இரண்டு. இரண்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டைத் தாங்க முடிந்தால் இரண்டு ப்ரீஆம்ப் உள்ளதையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் ஸ்டீரியோவாக ஒரு வாத்தியத்தைப் பதியவும், இருவரை ஒன்றாகப் பதியவும் அது வழிவிடும்.

பார்க்க வேண்டியவை சில: கண்டென்சர் வகை மைக்குக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர், கிட்டாரை நேரடியாகச் செருகும் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட், பாடும் குரலை உடனே ஹெட்ஃபோனில் தரும் நேரடி மானிட்டரிங் வசதி, தயாரிப்பாளரே எழுதித் தந்த ஏஎஸ்ஐஓ டிரைவர். கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. மேக் கணினியில் இதே வேலையைச் செய்யும் கோர் ஆடியோ இயங்குதளத்திலேயே இருப்பதால் அங்கே இந்தக் கவலை பெரிதாக இல்லை.

5. கண்டென்சர் மைக்கா, டைனமிக் மைக்கா? எல்லோரும் கண்டென்சர்தான் ஸ்டூடியோ மைக் என்கிறார்களே!

கண்டென்சர் மைக்கின் படலம் மிக இலேசானது; நுண்ணிய ஒலி அசைவுகளையும் உச்ச அலைவரிசைகளையும் விரைந்து பற்றும். குரலின் மூச்சும், கிட்டார் தந்தியின் மினுக்கமும் அதில் தெளிவாக வரும். டைனமிக் மைக்கில் படலத்தோடு கம்பிச்சுருளும் சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால் அந்த நுணுக்கம் குறைவு. அதைப் பெரும்பாலும் வாயருகே வைத்துப் பாடுவதால் அறையின் ஒலியும் குறைவாகவே பதிவாகும். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57-உம் 1966-இல் வந்த எஸ்எம்58-உம் இன்றும் விற்பனையில் இருக்கும் டைனமிக் மைக்குகள். புகழ்பெற்ற பல பதிவுகள் இத்தகைய மைக்குகளில் செய்யப்பட்டவை.

ஆகவே உங்கள் அறை அமைதியாகவும் துணி, மெத்தை முதலியவற்றால் ஒலி அடங்கியும் இருந்தால் கண்டென்சர். தெரு ஓசையும் வெற்றுச் சுவர்களும் உள்ள அறையானால் டைனமிக். பணம் குறைவாக இருப்பவருக்கு இந்த இரண்டாவது நிலைதான் பெரும்பாலும் அமைகிறது.

ஓர் எச்சரிக்கை. டைனமிக் மைக்கின் வெளியீடு கண்டென்சரைவிடச் சுமார் 15 முதல் 20 டெசிபல் குறைவு. ஷூர் எஸ்எம்7பி போன்றதற்குப் பேச்சுக் குரலில் ஏறத்தாழ 60 டெசிபல் கெயின், அதாவது பெருக்கம், தேவைப்படும். உங்கள் இன்டர்ஃபேஸ் இரைச்சலின்றி அவ்வளவு தருமா என்று பார்க்காமல் அந்த மைக்கை மட்டும் வாங்கிவிட வேண்டாம்.

6. நல்ல கண்டென்சர் வாங்கிவிட்டேன். ஆனாலும் குளியலறையில் பாடியதுபோல் இருக்கிறது. மைக் பழுதா?

மைக் பழுதில்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து, அறையை உள்ளபடி காட்டுகிறது. என் முதல் கண்டென்சரில் பதிந்ததைக் கேட்டபோது எனக்கும் இதே அதிர்ச்சிதான்; வெற்றுத் தரையும் கண்ணாடிச் சன்னலும் கொண்ட அறையில் பாடியிருந்தேன். படுக்கையறைக்கு மாறி, பின்னால் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டவுடன், அதே மைக்கில் வேறு யாரோ பாடியதுபோல் கேட்டது. புதிய கருவி எதுவும் அன்று எனக்குத் தந்திராத மகிழ்ச்சி அது.

முதலில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தொலைவைக் குறையுங்கள். தொலைவு பாதியானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் முழக்கமோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல தொடக்கம். மிக நெருங்கினால், முன்புற ஒலியை மிகுதியாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குகளில் கீழ் அலைவரிசைகள் வீங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் செய்தி. கார்டியாய்டு மைக் தன் முதுகுப்புறத்து ஒலியைத் தள்ளி, முகப்புறத்து ஒலியைப் பிடிக்கிறது. முகம் பார்த்திருப்பது பாடுபவரையும், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். எனவே ஒலியை உறிஞ்சும் பொருள் முதலில் வர வேண்டிய இடம் பாடுபவருக்குப் பின்புறமே. மைக்கின் பின்னால் மாட்டும் வளைந்த நுரைத் தடுப்பு விற்கிறதே என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பணத்தில் இரண்டு கனத்த போர்வைகளும் அவற்றைத் தொங்கவிட ஒரு சட்டமும் கிடைக்கும் என்றே சொல்வேன்.

7. முட்டை அட்டையும் நுரையும் ஒட்டினால் சத்தம் நின்றுவிடுமா?

இதில் இரண்டு தனித்தனிச் செயல்கள் கலந்துவிடுகின்றன. அறைக்குள் ஒலி எதிரொலிப்பதைக் குறைப்பது ஒன்று. ஒலி சுவரைத் தாண்டி வெளியே போகாமலும் உள்ளே வராமலும் தடுப்பது மற்றொன்று. முட்டை அட்டை இரண்டுக்கும் உதவாது. போதாக்குறைக்கு எளிதில் தீப்பற்றும்.

மெல்லிய நுரை உச்ச அலைவரிசைகளை மட்டும் உறிஞ்சும். நுண்துளைப் பொருள் ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச, சுவரிலிருந்து அதன் விளிம்பு வரை அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கேனும் இருப்பது நல்லது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், கால் பங்கு எட்டரை; 100 ஹெர்ட்ஸுக்கோ கால் பங்கு 86 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் நுரையால் அறை முழுவதையும் மூடினால் மினுக்கம் செத்து, கீழ் ஒலிகளின் முழக்கம் மட்டும் மிஞ்சும். பெட்டிக்குள் பேசுவதுபோன்ற பதிவுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

பத்து சென்டிமீட்டர் தடிப்புள்ள ராக்வூல் (பாறை இழை) அல்லது கண்ணாடி இழைப் பலகையை மரச்சட்டத்தில் பொருத்தி, துணியால் முழுவதும் சுற்றி, சுவரிலிருந்து சிறிது இடைவெளி விட்டு மாட்டுவது மிகப் பயனுள்ளது. செய்யும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம் அணியுங்கள்.

8. அப்படியானால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க என்ன வழி?

நிறை, காற்று புகாத அடைப்பு, ஒரு சுவரின் அதிர்வு மற்றொன்றுக்குத் தாவாதபடி பிரித்தல் ஆகிய மூன்றும்தான் வழி. சுவரின் நிறையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. செலவு எப்படி ஏறும் என்பதை இதிலிருந்தே உணரலாம். குறைந்த செலவில் செய்யக்கூடியது, கதவு, சன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பது. டிரம்ஸ் போன்றவற்றை வாடகைக் கூடத்தில் பதிந்துவிட்டு, மற்றவற்றை வீட்டில் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

9. ஹெட்ஃபோன் முதலில் வாங்கவா, மானிட்டர் ஸ்பீக்கரா? இருக்கும் புளூடூத் ஹெட்ஃபோன் ஆகாதா?

ஹெட்ஃபோன்தான் முதலில், ஏனெனில் பாடும்போது ஸ்பீக்கரைப் பயன்படுத்த முடியாது. காதை மூடும் மூடிய வகையே வேண்டும். திறந்த வகையில் இசை கசிந்து மைக்கில் ஏறிவிடும். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஆகியவை நெடுங்காலமாக இந்த வேலைக்குப் பயன்படுகின்றன.

புளூடூத் ஆகாது. ஒலி பல பத்து மில்லிவினாடி முதல் அதற்கும் மேல் தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தோடு தாளத்தில் பாட யாராலும் இயலாது.

மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கும் நாள் வந்தால், 7-ஆம் பதிலில் சொன்ன பலகைகளுக்குப் பிறகே வாங்குங்கள். இரு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உச்ச ஒலி ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்க வேண்டும்.

10. கணினி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

மைக் பதிவுக்கு மட்டுமென்றால் சில ஆண்டுகள் பழைய கணினியும் போதும். 8 ஜிபி நினைவகம் குறைந்தபட்சம். வாத்திய ஒலிக் களஞ்சியங்களைப் பயன்படுத்துவோருக்கு 16 ஜிபி வேண்டும். எஸ்எஸ்டி இருக்கட்டும். விசிறி ஓசையே பெரிய பகை. கணினியை மைக்கின் முதுகுப்புறம் வையுங்கள்.

11. இலவச மென்பொருள் போதுமா, பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

போதும். ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் கட்டணமின்றிக் கிடைக்கிறது; பாடகர் ஒருவருக்கு முதல் சில ஆண்டுகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. 2000-இல் வெளியான ஆடாசிட்டி பேச்சுப் பதிவுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் மிக நல்லது. மிடி கொண்டு வாத்தியங்களை அடுக்கி இசையமைப்பதற்கு அது உருவானதன்று. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் ட்ராக்ஷன் வேவ்ஃபார்ம் ஃப்ரீயில் டிராக், அதாவது தனித்தனி ஒலித்தடங்களின், எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

நான் பெரும்பாலோருக்குச் சொல்வது ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். தனிநபர் உரிமத்தின் விலை மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பழைய கணினியிலும் இலேசாக ஓடும். முதல் வாரத்தில் அதன் தோற்றம் மிரட்டும். இன்டர்ஃபேஸுடன் ஏபிள்டன் லைவ் லைட் போன்ற குறுகிய பதிப்பு ஏதேனும் சேர்ந்து வந்திருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எதைத் தேர்ந்தாலும் ஓராண்டு மாறாமல் பயிலுங்கள்.

திருட்டுப் பதிப்புகளை நிறுவ வேண்டாம். உழைத்தவருக்குச் சேர வேண்டியது சேராமல் போவதோடு, உங்கள் பாடல்கள் இருக்கும் கணினிக்குள் தீநிரலும் நுழைய வழி திறக்கும். ஒலியின் சாயலை மாற்றும் ஈக்வலைசர், உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கும் கம்ப்ரெசர், முழக்கம் சேர்க்கும் ரிவெர்ப் மூன்றும் மேற்சொன்ன எல்லாவற்றிலும் ஏற்கெனவே உள்ளன.

12. பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் சற்றுத் தாமதமாக வருகிறது. என்ன செய்வது?

கணினி ஒலியைச் சிறு பொட்டலங்களாகச் சேர்த்துக் கையாள்கிறது. அந்தப் பொட்டலத்தின் அளவே பஃபர். ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து எடுக்கும்போது (ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிவினாடி, போகவும் வரவும் இரு முறை, அதோடு டிரைவரும் சுற்றுகளும் சேர்க்கும் தாமதம் வேறு. பதியும்போது 64 அல்லது 128 வையுங்கள். ஒலி வெடித்தால் 256. பதிந்த டிராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது 512, 1024 என உயர்த்துங்கள்.

இன்டர்ஃபேஸிலோ ஹெட்ஃபோன் துளையும் அந்த வசதியும் உள்ள யுஎஸ்பி மைக்கிலோ நேரடி மானிட்டரிங்கை இயக்கினால் குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தாமதம் என்ற பேச்சே இருக்காது. அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைக்க மறக்கக் கூடாது, இல்லையேல் குரல் இரட்டையாகக் கேட்கும்.

13. 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் தரம் கூடுமா? கெயினை எவ்வளவு ஏற்ற வேண்டும்?

சாம்பிள் வீதத்தின் பாதி வரையுள்ள அலைவரிசைகளையே பதிய முடியும். 44,100 ஹெர்ட்ஸ் என்றால் 22,050 வரை. மனிதச் செவியின் எல்லையோ சுமார் 20,000. ஆகவே பாடலுக்கு 44.1, காணொளிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 24 பிட் மட்டும் கட்டாயம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட்டின் கோட்பாட்டு இடைவெளி 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144.

அந்தக் கூடுதல் இடைவெளியால்தான் கெயினைச் சிவப்பு வரை ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. பாடலின் மிக உரத்த இடத்தைப் பாடிப் பார்த்து, மீட்டரின் உச்சம் கழித்தல் 10 டெசிபல் அருகே நிற்குமாறு வையுங்கள். பூச்சியத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியைப் பிறகு முழுமையாக மீட்க முடியாது.

14. பதிவில் "ம்ம்" என்ற ஓசையும் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் வருகின்றன. இன்டர்ஃபேஸை மாற்றிவிடவா?

இரண்டுக்கும் காரணம் வேறு. "ம்ம்" என்பது பெரும்பாலும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்வழி ஓசை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் நில இணைப்பில் சிக்கல். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுவதும், வழியில் ஏறும் இரைச்சலைத் தள்ளும் சமன்படுத்தப்பட்ட (பேலன்ஸ்டு) கேபிள்களைப் பயன்படுத்துவதும் உதவும். கிட்டாரில் மட்டும் வந்தால், திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, கிட்டாரின் திசையைத் திருப்பிப் பாருங்கள்.

"ஸ்ஸ்" என்பது கெயின் மிகுதியாலோ மைக்கின் சொந்த இரைச்சலாலோ வருவது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020-இன் தன்னிரைச்சல் 20 டெசிபல். ரோட் என்டி1-இல் அது 5 டெசிபலுக்கும் கீழ். மெல்லிய குரலில் கதை வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு காதில் படும். உரக்கப் பாடுபவருக்குப் பொருட்டே இல்லை. எதையும் மாற்றுமுன், 6-ஆம் பதிலில் சொன்னபடி மைக்கை நெருங்கிப் பாருங்கள்.

15. பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கிறேன். இரண்டு மைக் வைத்தால் ஒலி மெலிந்துபோகிறது. ஏன்?

ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிவினாடி ஆகும். குரல் ஒரு மைக்கை முன்பும் மற்றொன்றைச் சற்றுப் பின்பும் அடைகிறது. இரண்டையும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து இருக்கும் தொலைவைப்போல் மூன்று மடங்கேனும் அடுத்த மைக் தள்ளி இருக்கட்டும் என்பது பழைய விதி. உட்கார்ந்து வாசிப்பவரிடம் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆகவே கிட்டார் மைக்கின் முதுகை வாயை நோக்கித் திருப்புங்கள். மென்பொருளில் ஒரு டிராக்கின் துருவத்தை (ஒலியலையின் மேல், கீழ்) புரட்டி, எது நிறைவாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்மையாகச் சொன்னால், ஒரே மைக்கை நெஞ்சுக்கு நேரே அரை மீட்டர் தள்ளி வைத்து, உயரத்தை மாற்றி மாற்றிச் சமநிலை காண்பது பல வேளைகளில் இரண்டு மைக்கைவிட இனிமையாக அமைகிறது. அதற்கு அறை நன்றாக இருக்க வேண்டும்.

16. பழைய கருவிகளை வாங்கலாமா?

டைனமிக் மைக், ஸ்டாண்டு ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். கண்டென்சரை ஃபேன்டம் பவரில் செருகி, அமைதியான அறையில் ஒரு நிமிடம் பதிந்து, பொரியும் ஓசை இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஈரத்தில் கிடந்தவை அப்படிப் பொரியும். இன்டர்ஃபேஸில் டிரைவர்தான் முதன்மையானது. உங்கள் இயங்குதளத்துக்கு இன்னும் டிரைவர் வெளியிடப்படுகிறதா என்று பாருங்கள்.

17. ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கும் என் மிக்ஸ், காரிலும் போனிலும் சொதப்புகிறதே?

ஹெட்ஃபோனில் இடது ஒலி இடக் காதுக்கும் வலது ஒலி வலக் காதுக்கும் மட்டுமே போவதால் அகலம் மிகையாகவும், சிறு நுணுக்கங்கள் உண்மையைவிடத் தெளிவாகவும் தோன்றும். போன் ஸ்பீக்கரிலோ அடி ஒலிகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே மிக்ஸை மோனோவாக (இடது, வலது ஒலிகளை ஒன்றாக்கி) மாற்றியும், மிகக் குறைந்த ஒலியளவிலும் கேளுங்கள். அப்போதும் குரல் முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் மதிக்கும் ஒரு பாடலைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேட்பதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஒலியை உச்சத்துக்கு அழுத்திவிட்டால் எடுபடும் என்று எண்ண வேண்டாம். ஸ்பாட்டிஃபை இயல்பு அமைப்பில் பாடல்களைக் கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் (பாடலின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்கிறது; மிகையாக அழுத்திய பாடல் அங்கே தணிக்கப்பட்டு, உயிர்ப்பு மட்டும் குறைந்ததாகக் கேட்கும்.

18. வீட்டில் பதிந்ததை வேறொருவர் மிக்ஸ் செய்கிறார். எப்படி அனுப்புவது?

ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில், பதிந்த சாம்பிள் வீதத்திலேயே எடுங்கள்; எம்பி3 வேண்டாம். குரல் இரண்டாம் நிமிடத்தில்தான் தொடங்குகிறது என்றாலும் கோப்பு பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வர வேண்டும். அப்போதுதான் எல்லாவற்றையும் அவர் ஒரே கோட்டில் வைத்தவுடன் தாளம் பொருந்தும். ரிவெர்ப்பும் கம்ப்ரெஷனும் இல்லாத கோப்புகளை அனுப்பி, நீங்கள் விரும்பும் சாயலைக் காட்டும் முழு மிக்ஸ் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பாடலின் வேகத்தைக் கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள். அனுப்பும் முன், மூலக் கோப்புறையின் ஒரு பிரதி வேறொரு வட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.